முள் தண்ணிக்குள்ள நிக்க வேணும்: தூண்டில் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை றிக் பற்றியவை. இங்கிலாந்தில் குளிர்காலக் கரைத் தூண்டில் போட்டிகள் தொடங்கிவிட்டன என்பது அதிலேயே தெரிகிறது. புதிதாக வாசிப்பவர்களுக்காக: றீலில் இருந்து வரும் நூலின் நுனிக்கும் ஈயத்துக்கும் இடையில், முட்களைத் தாங்கி நிற்கும் அந்த ஒன்றரை மீற்றர்தான் றிக். அதன் நடு நூலை முதுகு என்றும், முதுகில் இருந்து பிரிந்து முள்ளைத் தாங்கும் குட்டி நூலைக் கிளை என்றும் எழுதுகிறேன். கடையில் கிளையை ஸ்னூட் என்று கேளுங்கள்.

அக்கா, அடுத்த மாதம் டீல் கடற்கரையில் என் முதல் கிளப் போட்டி. கடைக்குப் போனால் முப்பது வகை றிக் பைக்கற் தொங்குது. எதை வாங்க?
— வாசகர், க்ரோலி

ஒன்றையும் வாங்க வேண்டாம், தம்பி. முதலில் போட்டித் தாளை வாங்கி வாசியுங்கள். புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பார்க்காமல் றிக் கட்டுவது, கலியாணமா செத்தவீடா என்று கேட்காமல் சேலை எடுப்பதற்குச் சமம்.

இப்போது பெரும்பாலான கிளப்புகளில் மீனை அளந்து, எழுதி, உடனே கடலில் விட்டுவிட வேண்டும். சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சென்ரிமீற்றர் வைற்றிங் பத்துப் பிடித்தால் 250. பக்கத்து பெக்கில் (போட்டியாளர் நிற்க ஒதுக்கிய இலக்கக் கம்பம்) நிற்பவர் மூன்று மணித்தியாலம் காத்திருந்து 60 சென்ரிமீற்றர் டொக்ஃபிஷ் ஒன்றைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டாலும் அவருக்கு 60தான். இப்படிப்பட்ட போட்டிக்கு மூன்று சின்ன முள் வேண்டும். அதே தாளில் ‘ஆக நீளமான மீனுக்குப் பரிசு’ என்று இருந்தால் கணக்குத் தலைகீழ்: ஒரே கிளை, பெரிய முள், பெரிய இரை, நிறையப் பொறுமை. சில கிளப்புகள் நீளத்தை அட்டவணைப்படி எடையாக மாற்றும். அதில் பெரிய மீனுக்கு மதிப்புக் கூடும், ஏனென்றால் நீளம் இரட்டிப்பானால் எடை அதைவிடப் பல மடங்கு ஏறும்.

மூன்று வகை கட்டத் தெரிந்தால் ஒரு பருவம் முழுக்க ஓடலாம். ஒன்று, மூன்று முள் ஃப்ளாப்பர். கிளைகள் மூன்றும் எதிலும் கொளுவாமல் சும்மா ஆடும். கிட்டத்தில் நிற்கும் மீனுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. இரண்டாவது, முள்ளைக் கிளிப்பில் மாட்டி எறியும் இரண்டு முள் றிக். இது தூரத்துக்கு. மூன்றாவது, ‘ஒன்று மேலே, ஒன்று கீழே’: மேலே ஒரு குட்டைக் கிளை, ஈயத்துக்குக் கிட்ட முக்கால் மீற்றருக்கு மேல் நீண்ட கிளை. டாப், ஃபிளவுண்டர், பிளேஸ் போன்ற தட்டை மீன்களுக்கு இது. ஒவ்வொன்றிலும் ஆறேழு கட்டுங்கள். பத்து வகையில் ஒவ்வொன்று வைத்திருப்பவர் இருட்டில் எது எதுவென்று தேடிக்கொண்டு நிற்பார். அந்த நேரம் அவருடைய முள் பெட்டிக்குள் கிடக்கும். பெட்டிக்குள் மீன் இல்லை.

டீலில் தொடங்கும்போது ஃப்ளாப்பரைப் போட்டு முதல் எறிதலைக் கிட்ட, இரண்டாவதை நடுவில், மூன்றாவதைத் தூர எறியுங்கள். எந்தத் தூரத்தில் மீன் வந்தது என்பதோடு, எந்த முள்ளில் வந்தது என்பதையும் பாருங்கள். கீழ் முள்ளில் மட்டும் வந்தால் மீன் தரையில் படுத்திருக்கிறது, மூன்றாவது வகைக்கு மாறுங்கள். மேல் முள்ளிலும் வந்தால் மாறாதீர்கள்.

ஃப்ளாப்பர் கட்டும் முறையை அளவோடு சொல்லுங்கள். யூரியூப்பில் ஆளுக்கு ஒரு அளவு சொல்கிறார்கள்.
— வாசகி, ரெடிங்

அளவு ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும், தங்கச்சி. நான் கட்டுவதைச் சொல்கிறேன்.

முதுகுக்கு 60 இறாத்தல் தாங்கும் நைலோன், அதாவது கிட்டத்தட்ட 0.70 மில்லிமீற்றர் தங்கூசி. மெல்லியது வேண்டாம். மெல்லிய முதுகில் கிளைகள் சுற்றும். ஒன்றரை மீற்றர் வெட்டி ஒரு நுனியில் பெரிய சுவிவெல்லை (நூல் திருகாமல் சுழலும் இணைப்பு) கட்டுங்கள். பிறகு கோர்க்கும் ஒழுங்கு: க்ரிம்ப் (சின்ன உலோகக் குழாய்), மணி, சின்ன சுவிவெல், மணி, க்ரிம்ப். இதையே மூன்று தரம். கடைசியில் ஈயம் மாட்டும் கொக்கி. முடிச்சுகளை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நைலோன் இறுகும்போது சூடேறிப் பலமிழக்கும்.

இடைவெளிதான் உயிர். மேல் கிளையைத் தொங்கவிட்டால் அதன் முள் அடுத்த சுவிவெல்லைத் தொடக்கூடாது. 35 சென்ரிமீற்றர் கிளை என்றால் சுவிவெல்களுக்கு இடையில் 45 விடுங்கள். ஆகக் கீழே உள்ள கிளை மட்டும் ஈயத்தைத் தாண்டித் தரையில் கிடக்கலாம், நல்லது. கிளைக்கு 15 முதல் 20 இறாத்தல். வைற்றிங் காலத்தில் நான் 20க்குக் கீழே இறங்குவதில்லை. அந்த மீனுக்கு ஊசிப்பல். நாலைந்து மீனுக்குப் பிறகு முள்ளுக்கு மேலே இருக்கும் நூலை விரலால் தடவினால் சொரசொரக்கும். அப்போதே கிளையை மாற்றிவிட வேண்டும்.

க்ரிம்பை அமத்துவதில்தான் எல்லாரும் வீரம் காட்டுவது. நகராத அளவுக்கு அமத்தினால் போதும். நசுக்கினால் உள்ளே நூல் காயப்படும், கண்ணுக்குத் தெரியாது. முழுப் பலத்தோடு எறியும்போது அந்த இடத்தில்தான் அறும். மணிக்கும் க்ரிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விடுங்கள், சுவிவெல் தாராளமாகச் சுழல வேண்டும்.

நான் இப்போது க்ரிம்பை விட்டு, பவர் கம் என்ற ரப்பர் போன்ற நூலில் தடுப்பு முடிச்சுப் போடுகிறேன். நனைத்தால் நகரும், விட்டால் நிற்கும். போட்டி நடுவிலேயே கிளையை மேலே கீழே தள்ளலாம். நகரவே வேண்டாம் என்றால் ஒரு துளி சுப்பர் குளூ. எங்கள் வீட்டில் இந்த வேலை சாப்பாட்டு மேசையில், ரிவி நாடகம் ஓடும்போது நடக்கும். வாக்யூம் கிளீனர் பைக்குள் மணி கிலுகிலுப்பதைப் பற்றி வீட்டுக்காரர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

பலமாக எறிந்தால் புழு கிழிந்து வானத்திலேயே போய்விடுகிறது. கிளிப் போட்டால் முள் கிளிப்பை விட்டு வருவதே இல்லை. என்ன செய்ய?
— வாசகர், சவுத்தென்ட்

இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஃப்ளாப்பரில் கிளை காற்றில் படபடக்கும். லக்வேர்ம் போன்ற மென்மையான புழு அதைத் தாங்காது. அதனால்தான் ஃப்ளாப்பர் பெரும்பாலும் கிட்டத்துக்கு. தூரம் வேண்டுமென்றால் முள்ளை முதுகோடு சேர்த்து ஒரு கிளிப்பில் மாட்ட வேண்டும். இரை ஈயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகும். ஈயம் தண்ணீரில் அடிக்கும்போது வேகம் சட்டென்று குறைந்து நூல் தளரும், முள் கழன்று விழும். பிரேக்அவே நிறுவனத்தின் இம்பாக்ட் ஷீல்ட் என்ற பிளாஸ்ரிக் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள். பறக்கும்போது இரைக்கு முன்னால் கவசம், தண்ணீரில் படும்போது தண்ணீரே அதைத் தள்ளி முள்ளை விடுவிக்கும்.

உங்கள் முள் கழலாததற்குக் காரணம் கிளை குட்டையாக இருப்பது. றிக்கை ஈயத்தோடு கதவு ஆணியில் தொங்கவிட்டு, முள்ளைக் கிளிப்பில் மாட்டிப் பாருங்கள். கிளை நேராக நிற்க வேண்டும். முதுகு வளைந்தால் இறுக்கம் அதிகம், கிளை தொய்ந்தால் தடியைப் பின்னுக்குச் சுழற்றும்போதே கழன்றுவிடும். ஈயம் இல்லாமல் அளந்தால் இது தெரியாது. எறியும்போது முதுகு நூல் இழுபடும் என்பதால் கிளையின் மேல் தடுப்புக்கும் மணிக்கும் இடையில் சின்ன ஸ்பிரிங் ஒன்றைக் கோர்ப்பார்கள், அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முள்ளின் கூர்நுனியை மாட்டாதீர்கள், வளைவை மாட்டுங்கள். பெரிய இரை வைத்தால் வளைவு கிளிப்பில் இருந்து தள்ளி நிற்கும். ஆகவே இரை வைத்த பிறகும் ஒரு தரம் சரிபாருங்கள்.

அண்ணரிடம் இருந்து 15 இறாத்தல் நூல் சுற்றிய றீல் கிடைத்தது. 5 அவுன்ஸ் ஈயம் போடலாமா?
— வாசகர், இல்ஃபோர்ட்

நேரடியாகப் போடக்கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சிரிக்கமாட்டேன். 5 அவுன்ஸ் என்பது 140 கிராமுக்கு மேல். எறியும்போது நூல் அறுந்தால் அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டுபோலப் போகும், நாய் நடத்தும் மனிசர் யாரின் தலையில் படும் என்று சொல்ல முடியாது. கரையில் எல்லாரும் பின்பற்றும் கணக்கு: ஒரு அவுன்சுக்குப் 10 இறாத்தல். 5 அவுன்சுக்கு 50, 6 அவுன்சுக்கு 60. மெல்லிய நூலின் முன்னால் அந்தப் பலமுள்ள தடித்த நூல் துண்டை, அதாவது லீடரை, கட்டுங்கள். லீடரின் நீளம்: தடியின் நீளம், நுனியில் தொங்கும் பகுதி, அதற்கு மேல் றீலில் ஆறேழு சுற்று வர வேண்டும். றிக்கின் முதுகும் லீடரைவிடப் பலம் குறையக்கூடாது. அங்கே 30 இறாத்தலைப் போட்டுவிட்டு லீடர் 60 என்று பெருமைப்பட்டுப் பிரயோசனம் இல்லை.

ஒரே மாதிரி றிக், ஒரே மாதிரிப் புழு. பக்கத்து பெக்காரர் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு பிடிக்கிறார். ஏதாவது ரகசியம் இருக்கிறதா?
— வாசகர், மில்ரன் கீன்ஸ்

அவருடைய கையைப் பாருங்கள், கடலைப் பார்க்காதீர்கள். அவரிடம் இரண்டு றிக் ஓடுகிறது. ஒன்று கடலில் இருக்கும்போது மற்றதில் இரை ஏற்றித் தயாராகத் தொங்கவிட்டிருப்பார். சுற்றி எடுத்ததும் லீடர் நுனியில் உள்ள கிளிப்பில் இருந்து பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி எறிந்துவிடுவார். மீனைக் கழற்றுவதும் அளப்பதும் அதற்குப் பிறகு.

நாலு மணித்தியாலப் போட்டி என்றால் 240 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு எறிதல் என்றால் 24. ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் கரையில் நின்று புழு குத்தினால் 72 நிமிடம் போச்சு. அந்த 72 நிமிடமும் அவருடைய முள் தண்ணீரில், உங்களுடையது கையில். ஆனால் தாளை வாசியுங்கள்: இரை ஏற்றிய இரண்டாவது றிக்கை அனுமதிக்காத போட்டிகளும் உண்டு. மீனைத் தண்ணீர் வாளியில் வைக்காமல் எறியப் போவதும் கூடாது.

ஊரில ஒரு முள், ஒரு ஈயம், விரலில சுத்தின நூல். பாரை, முரல் எல்லாம் வந்தது. இதென்ன மணி, வளையம், பாசி? மீன் பிடிக்கிறதோ, மாலை கோர்க்கிறதோ?
— வாசகர், ஹரோ

ஐயா, நானும் பருத்தித்துறைதான். எங்கள் மாமா கைநூலில் பிடித்ததைத் தின்று வளர்ந்தவள். அங்கே மாமா மீன் இருக்கும் இடத்துக்குப் போனார். இங்கே சீட்டுக் குலுக்கி உங்களுக்கு ஒரு இலக்கம் தருவார்கள், அந்தக் கம்பத்தடியில்தான் கடைசிவரை நிற்க வேண்டும். மீன் உங்களிடம் வர வேண்டும்.

பாசிமணிக்கும் வேலை இருக்கிறது. பிளேசும் ஃபிளவுண்டரும் கண்ணால் தேடும் மீன்கள். முள்ளுக்கு மேலே இரண்டு மூன்று நிறமணி அசைந்தால் பார்க்க வரும். மிதக்கும் மணி வேறு. அது இரையைத் தரையில் இருந்து கொஞ்சம் தூக்கும். வெயில் காலத்தில் நண்டு ஐந்து நிமிடத்தில் முள்ளை மொட்டையாக்கிவிடும், அப்போது அது கைகொடுக்கும். மற்ற அலங்காரங்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அவை கடைக்கு வரும் மனிசரைப் பிடிக்கத்தான்.

ஸ்பெயின், இத்தாலிக்காரர் தலைமயிர் மாதிரி நூலில் ஒரு மீற்றருக்கு மேல் கிளை விட்டுப் பிடிக்கிறார்கள். நாங்களும் அப்படிச் செய்யலாமா?
— வாசகர், போர்ட்ஸ்மத்

எங்கே, எப்போது என்பதைப் பொறுத்தது. அவர்கள் பழகிய மத்தியதரைக் கடலில் பெரும்பாலான கரைகளில் வற்றுப்பெருக்கு அரை மீற்றர்கூட வராது. தண்ணீர் கண்ணாடி. மீன் சின்னது, சந்தேகப் பிராணி. நீண்ட மெல்லிய கிளை அங்கே இயல்பாக மிதந்து ஏமாற்றும். எங்களுடைய டோவரில் பெருவற்றுக் காலத்தில் ஏற்ற இறக்கம் ஆறு மீற்றர் வரும். பிரிஸ்டல் வாய்க்காலின் உள்ளே அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஓட்டத்தில் ஒரு மீற்றர் மெல்லிய கிளை முதுகில் சுற்றிக் கயிறாகிவிடும். கம்பிக்கால் ஈயம் இல்லாமல் தரையில் நிற்கவும் முடியாது.

ஆனால் ஆடி ஆவணியில், காற்றில்லாத பகலில், முரல் இனத்து கார்ஃபிஷ் மேலே ஓடும்போது அவர்களுடைய முறைதான் வெல்லும். ஃபிப்ஸ்-மேர் அமைப்பு நடத்தும் உலகக் கரைத் தூண்டில் போட்டிகளுக்குப் போகும் ஆங்கிலேயர்களும் இரண்டு பாணியையும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நீங்கள் துறைமுகத்துக்குள், ஓட்டம் குறைந்த இடத்தில் முதலில் பழகுங்கள்.

டஞ்சனெஸ், செசில் இரண்டும் கூழாங்கல் கரைதானே. ஒரே றிக் போதுமா?
— வாசகர், சௌதம்ரன்

டஞ்சனெஸ் செங்குத்தாக இறங்கும் கரை, காலடியிலேயே ஆழம். குளிர்கால இரவில் வைற்றிங்குக்கு நூறு மீற்றர் எறியத் தேவையில்லை, ஃப்ளாப்பர் போதும். கோடை இரவில் நாக்குமீன், அதாவது சோல், காலடிக்கே வரும். அதற்குச் சின்ன முள், சின்னப் புழு, நீண்ட கீழ்க்கிளை. பழைய ஆட்கள் அணு மின்நிலையத்துச் சுடுநீர் கொப்பளிக்கும் இடத்தைச் சொல்வார்கள். அந்த நிலையம் 2018இலேயே மின்னுற்பத்தியை நிறுத்தியது, 2021இல் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். அந்தக் கதைகளை நம்பி றிக் கட்டாதீர்கள்.

செசில் 29 கிலோமீற்றர் நீளம். மேற்கே வெஸ்ற் பேயில் கல் பயறளவு, கிழக்கே போர்ட்லண்ட் பக்கம் போகப்போகக் கைப்பிடியளவு. அந்தக் காலத்தில் இருட்டில் கரையேறியவர்கள் கல்லின் பருமனை வைத்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்வார்களாம். ஒரே கடற்கரை என்று நினைத்து ஒரே றிக்கோடு போனால் ஒரு முனையில் வேலை செய்தது மறு முனையில் செய்யாது. போர்ட்லண்ட் பக்கம் ஆழம் அதிகம், அலையின் பின்னிழுப்பும் அப்படியே. அங்கே மீனை அலையோடு சேர்த்து ஏற்ற வேண்டியிருப்பதால் முதுகும் கிளையும் ஒரு படி தடிப்பாக இருக்கட்டும். அலையிறங்கும் சரிவில் ஒருபோதும் இறங்கி நிற்காதீர்கள்.

குட்டிக் கேள்விகள்

*முள் இலக்கம் குழப்புது.* (வாசகி, லூட்டன்) இலக்கம் கூடக்கூட முள் சின்னது: 6 சின்னது, 2 பெரியது, 1 அதைவிடப் பெரியது. அதற்குப் பிறகு 1/0, 2/0 என்று பெருகும். டாப்புக்கு 4, வைற்றிங்குக்கு 2. தண்டு நீண்ட அபெர்டீன் வகை வாங்குங்கள், கழற்றச் சுகம். முட்கொழுவை (கூருக்குக் கீழே உள்ள எதிர்க்கொக்கி) குறட்டால் அமத்திவிட்டால் மீனுக்கும் நல்லது, நேரமும் மிச்சம்.

*கிளை எப்போதும் திருகிப்போகுது.* (வாசகர், கோவென்ட்ரி) இரையை ஒரு பக்கமாக ஏற்றினால் சுற்றி எடுக்கும்போது காற்றாடியாகும். நேராக ஏற்றுங்கள். துருப்பிடித்த சுவிவெல்லும் சுழலாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

*பெண்கள் இந்தக் குளிரில் நிற்பார்களா?* (வாசகர், வெம்பிளி) போன பருவத்தின் கடைசிப் போட்டியில் உங்கள் பக்கத்து பெக்கில் நின்றது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மகளுக்குப் 11 வயது. என்னோடு போட்டிக்கு வர அடம்பிடிக்கிறாள். என்ன றிக் கட்டிக் கொடுக்க? லைசன்ஸ் வேண்டுமா?
— வாசகர், ஈஸ்ற்போர்ன்

கடல் மீனுக்கு இங்கிலாந்துக் கரையில் தடி லைசன்ஸ் தேவையில்லை. சல்மன், கடல் ட்ரவுற், விலாங்கு வந்தால் மட்டும் வேறு சட்டம். கிளப்பில் சிறுவர் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

றிக்கை நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள், அவளைக் கொண்டு கட்டுவியுங்கள். இரண்டு முள், 25 சென்ரிமீற்றர் கிளை, கிளிப் ஒன்றும் வேண்டாம். 2 அல்லது 3 அவுன்ஸ் ஈயம், லீடர் கட்டாயம். நிறமணியை அவளே தெரிவு செய்யட்டும். முப்பது மீற்றர் போனால் தாராளம், வைற்றிங் அங்கே நிற்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் எறிய விடாதீர்கள்.

ஒரு விஷயம் முதல் நாளே காட்டிக் கொடுங்கள்: மணல் கரையில் வீவர் என்ற சின்ன மீன் வரும், முதுகின் முன் செட்டை கறுப்பாக இருக்கும், அதன் முள்ளில் விஷம். கையால் பிடிக்கவே கூடாது. நீண்ட குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றி அப்படியே கடலில் விடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்திருக்க வேண்டும், நோ குறையும். ஆகவே தேநீர் பிளாஸ்க்கோடு வெறும் வெந்நீர் பிளாஸ்க் ஒன்றும் எடுத்துப் போங்கள்.